பல்பா, எலெக்ட்ரானிக்கா? ஸ்பீட் கிராஃபிக்குக்கு எந்த ஃப்ளாஷ்

செங்கோட்டையில் சித்தி மகள் கல்யாணம். பேஸ்மேக்கர் ஸ்பீட் கிராஃபிக் என்ற பழைய பிரஸ் கேமராவைத் தூக்கிக்கொண்டு போனேன். நாலுக்கு ஐந்து அங்குல ஷீட் ஃபிலிம், பக்கவாட்டில் மாட்டிய எலெக்ட்ரானிக் ஃப்ளாஷ். ஆறு ஷீட் எடுத்தேன். ஆறு தடவையும் ஃப்ளாஷ் பளிச்சென்று அடித்தது, மண்டபமே திரும்பிப் பார்த்தது. கழுவிப் பார்த்தால் ஆறும் வெறும் கண்ணாடி. தாலி கட்டும் கை மட்டுமல்ல, மண்டபமே இல்லை.

எங்கள் ஊர் ஸ்டூடியோ அண்ணாச்சியிடம் கேமராவை நீட்டினேன். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு லென்ஸைச் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். “என்னடே இது, எம்-ல கெடக்கு. பல்பு போட்டா எடுத்த?”

ஷட்டர் ஓரத்தில் ஒரு சின்னக் கொண்டி. அதில் எம், எக்ஸ் என்ற எழுத்துகள். அவ்வளவுதான் விஷயம். ஆனால் பல்பா எலெக்ட்ரானிக்கா என்ற சண்டை முழுக்க அந்தக் கொண்டியில்தான் இருக்கிறது.

ஃப்ளாஷ் பல்புக்குள் ஆக்சிஜனும் மெல்லிய உலோக இழைகளும் இருக்கும், அலுமினியமோ சிர்கோனியமோ. மின்சாரம் பட்டதும் பற்றி எரியும். பற்றினாலும் உச்சத்துக்கு ஏற நேரம் எடுக்கும். பிரஸ் 25 மாதிரி எம் வகைப் பல்புகளுக்கு அது சுமார் 20 மில்லிசெகண்ட். அதனால் கொண்டி எம்-இல் இருந்தால் ஷட்டர் முதலில் பல்பைப் பற்றவைத்துவிட்டு, கொஞ்சம் பொறுத்துத் திறக்கும். எலெக்ட்ரானிக் ஃப்ளாஷ் பொறுப்பதில்லை. செகண்டில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் வேலையை முடித்துவிடும். எம்-இல் வைத்தால் ஷட்டர் கண் திறப்பதற்கு முன்பே வெளிச்சம் வந்து போய்விடும். அதற்கு எக்ஸ்தான் வேண்டும். என் ஆறு ஷீட்டும் போன கதை இது.

பழைய கேமரா வாங்கியவர்கள் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. பின்பக்கத்தைக் கழற்றி, லென்ஸை முழுதாகத் திறந்துவைத்து, வெள்ளைச் சுவரைப் பார்த்து ஃப்ளாஷோடு ஷட்டரை அடியுங்கள். பின்னாலிருந்து லென்ஸுக்குள் பார்த்தால் முழு வட்டமாக வெளிச்சம் தெரிய வேண்டும். ஐந்து இதழ் நட்சத்திரம் மாதிரி தெரிந்தால் சிங்க், அதாவது ஷட்டரும் ஃப்ளாஷும் ஒரே நேரத்தில் சேர்வது, சரியில்லை. ஒன்றுமே தெரியாவிட்டால் அண்ணாச்சி சொன்ன கொண்டியைப் பாருங்கள்.

தினப்படி வேலைக்கு என் ஓட்டு எலெக்ட்ரானிக்குக்குத்தான். லென்ஸ் ஷட்டரில் எந்த வேகத்திலும் சேர்ந்து வேலை செய்யும். என்னுடைய கிராஃபெக்ஸ் ஷட்டரில் 1/400 வரை. உச்சி வெயிலில் முகத்து நிழலைத் தூக்கிவிட இது போதும். நியூயார்க்கின் பத்திரிகைப் புகைப்படக்காரர் வீஜி இரவு வேலையில் லென்ஸ் துவாரம் எஃப் 16, வேகம் 1/200, பத்தடி தூரம் என்று முன்கூட்டியே பூட்டிவைத்துக்கொண்டு பல்பில் எடுத்தவர். அந்த உத்தியை எலெக்ட்ரானிக்கில் இன்னும் சுலபமாகச் செய்யலாம். ஒவ்வொரு படத்துக்கும் சூடான பல்பைக் கழற்ற வேண்டியதில்லையே.

காசு வேறு. பல்பெல்லாம் இப்போது பழைய ஸ்டாக்தான். ஒரு பல்பு அடித்தால், செங்கோட்டைப் பக்கத்துப் பார்டர் கடையில் ஒரு ஆள் வயிறார பரோட்டாவும் கோழியும் சாப்பிட்ட காசு போச்சு.

குற்றாலம் சீசனில் சாரல் வேறு ஒரு தொல்லை. ஃப்ளாஷ் லென்ஸுக்குப் பக்கத்தில் இருந்தால் துளியெல்லாம் வெள்ளைப் பொட்டாக விழும். இதில் இரண்டும் ஒன்றுதான், ஃப்ளாஷைக் கழற்றிக் கையை நீட்டிப் பிடிக்க வேண்டும். ஆனால் ஈரம் பல்பைத்தான் அதிகம் படுத்தும். பல்பின் அடிமுனை ஈயம் கறுத்துப்போகும், தொடர்பு கிடைக்காது. மாட்டுவதற்கு முன் உப்புத்தாளில் ஒரு தேய். சில பல்புகளுக்குள் நீலப் பொட்டு ஒன்று இருக்கும். அது ரோஸ் நிறமாகியிருந்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது, தூக்கிப் போடுங்கள். அடித்தால் வெடிக்கலாம்.

அப்படியானால் பல்பு எதற்கு? அதற்கு ஆரியங்காவைத் தாண்டிக் கழுதுருட்டிக்குப் போக வேண்டும். கொல்லம் சாலையோரம் பதிமூன்று கண் ரயில் பாலம். 1904-இல் திறந்த மீட்டர்கேஜ் பாதையில் கட்டியது. அமாவாசையை ஒட்டிய இரவில் ஸ்டாண்ட் போட்டு, ஷட்டரை டி-யில் திறந்துவைத்துவிட்டு, நடந்துபோய் ஒவ்வொரு கண்ணாக வெளிச்சம் அடித்தேன். முதல் நாள் எலெக்ட்ரானிக். ஒரு கண்ணுக்கு நாலு தடவை ஃப்ளாஷ், ஒவ்வொரு தடவையும் சார்ஜ் ஏறக் காத்திருப்பு. பாதியில் லாரி ஒன்று ஹெட்லைட்டோடு வந்து எல்லாவற்றையும் கெடுத்தது. மறுநாள் ஏழங்குல ரிஃப்ளெக்டரில் பல்பு. ஒரு கண்ணுக்கு ஒன்று போதும். கல் வெளிச்சத்தில் குளித்தமாதிரி நின்றது. 1950-களின் இறுதியில் அமெரிக்காவில் வின்ஸ்டன் லிங்க் பல்புகளை வரிசையாகக் கம்பியில் கோத்து இரவில் நீராவி ரயில்களை எடுத்தாரே, அவர் ஏன் அத்தனை பல்போடு அலைந்தார் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

கலர் ஃபிலிம் என்றால் நீலப் பூச்சுப் பல்பாகப் பார்த்து வாங்குங்கள். வெள்ளைப் பல்பின் வெளிச்சம் மஞ்சளாக அடிக்கும். கறுப்பு வெள்ளைக்கு இந்தக் கவலையே இல்லை.

ஸ்பீட் கிராஃபிக்கில் லென்ஸ் ஷட்டர் போக, ஃபிலிமுக்கு முன்னால் பின்பக்கத் துணி ஷட்டர் ஒன்றும் உண்டு. அதை நம்பி ஃப்ளாஷ் அடிக்காதீர்கள். 1/1000 வேகம் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அது ஒரு கீற்றாகத்தான் ஃபிலிமைக் கடக்கிறது. எலெக்ட்ரானிக் அடித்தால் ஒரு பட்டை மட்டும் விழும், மிச்சம் இருட்டு. அந்தக் கீற்று கடந்து முடியும்வரை எரிகிற எஃப்பி பல்பு என்று தனியாக உண்டு. கிடைப்பது அபூர்வம். லென்ஸ் ஷட்டரில் எடுக்கும்போது துணியைத் திறந்துவைக்க மறந்தாலும் வெறும் ஷீட்தான். அதிலும் எனக்கு அனுபவம் உண்டு.

பல்பை மாட்டி அடிக்கும் கைப்பிடியான கன்னுக்கு மூன்று பெரிய டார்ச் பேட்டரி போதும், செங்கோட்டை பஜாரிலேயே கிடைக்கும். கன் வேலை செய்கிறதா என்று பார்க்க நல்ல பல்பை மாட்டிவிடாதீர்கள். கையிலேயே பற்றிக்கொண்டால் தோல் வழண்டுவிடும். பிரஸ் 25-இன் அடிப்பாகமும் காரின் பின்விளக்கு ஒற்றைமுனைப் பல்பின் அடிப்பாகமும் ஒன்றுதான். அதை மாட்டிப் பட்டனை அமுக்கினால் மங்கலாகச் சிவக்கும். சிவந்தால் சர்க்யூட் சரி.

பழைய பெரிய எலெக்ட்ரானிக் ஃப்ளாஷ் ஏதாவது பரணில் கிடைத்தால் அதையும் மாட்டலாம். அதன் ட்ரிக்கர் முனையில் 200 வோல்ட்டுக்கு மேலேகூட இருக்கும். டிஜிட்டல் கேமராவில் மாட்டினால் போர்டு போய்விடலாம். இந்த ஷட்டரில் இருப்பது இரண்டு உலோகத் துண்டு மட்டும், ஒன்றும் ஆகாது. ஆனால் ஷட்டரின் இரண்டு முனைகளும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். விரல் பட்டால் சுள்ளென்று ஒரு இழுப்பு.

கன் கைப்பிடியை மட்டும் தனியாக விற்றுவிடாதீர்கள். பழைய ஹாலிவுட் விண்வெளிப் படம் ஒன்றில் ஒளிவாளாக வந்தது, ஸ்பீட் கிராஃபிக்கைச் செய்த கிராஃப்ளெக்ஸ் கம்பெனியின் இதே மூன்று செல் குழாய்தான். அதைச் சேகரிக்கிறவர்கள் கேமரா விலைக்குக் கைப்பிடியைக் கேட்கிறார்கள். அண்ணாச்சியிடம் சொன்னேன். “படம் எடுக்கத் தெரியாதவன் வாள் வீசட்டும்டே” என்று சொல்லிவிட்டு, தன்னிடம் இருந்த இரண்டு குழாயையும் அன்றைக்கே அலமாரியில் வைத்துப் பூட்டினார்.