பத்தாயிரம் அடி எனக்கு வேண்டாம்: ஒரு நாடித்துடிப்பு வாட்ச் விமர்சனம்

நாலாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிற சாதாரண ஃபிட்னஸ் வாட்ச். அட்டைப் பெட்டியில் ஒரு பெண் ஓடிக்கொண்டிருக்கிறாள். நான் இதை வாங்கியது எங்கே நிற்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள. எனக்கு எம்.இ./சி.எஃப்.எஸ்., அதாவது நாட்பட்ட சோர்வு நோய்.

"அசதி யாருக்குத்தான் இல்ல?" என்பவர்களுக்காக ஒரு வார்த்தை. இந்த நோயின் அடையாளம் அசதி மட்டும் இல்லை. சக்திக்கு மீறி எதையாவது செய்தால், சில மணி நேரமோ ஓரிரு நாளோ கழித்து உடம்பு மொத்தமாகப் படுத்துவிடும். 1994-ல் வந்த வரையறையில் இது எட்டு அறிகுறிகளில் ஒன்று, அவ்வளவுதான். ஏதாவது நாலு இருந்தால் போதும் என்றார்கள். அதனால் இந்த அறிகுறியே இல்லாதவர்களும் ஆராய்ச்சிக்குள் வந்துவிட்டார்கள். 2003-ல் கனடா வரையறை இதைக் கட்டாயமாக்கியது. 2015-ல் அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் அறிக்கையும் அதையே சொன்னது: ஆறு மாதத்துக்கு மேல் பழைய வேலைகளைச் செய்யவிடாத சோர்வு, உழைத்த பின் விழுவது, தூங்கியும் தெளியாமை மூன்றும் இருக்க வேண்டும், கூடவே மூளை மந்தமோ, நிமிர்ந்து நின்றால் மோசமாவதோ இருக்க வேண்டும். இது தெரியாத ஒரு டாக்டர் என்னைத் தினமும் கொஞ்சம் கூடுதலாக நடக்கச் சொன்னார். அப்படிப் படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டும் சிகிச்சையை பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பே 2021-ல் வேண்டாம் என்றுவிட்டது.

வாட்சுக்கு வருகிறேன். நாடித்துடிப்பு எதைத் தாண்டக் கூடாது என்பதற்கு நோயாளிகள் பலர் வைத்திருக்கும் கணக்கு: 220-லிருந்து வயதைக் கழித்து, அதில் 60 சதவீதம். எனக்கு வயது 45, ஆக 105. இன்னும் கறாரானவர்கள் காலை ஓய்வுத் துடிப்போடு 15 மட்டும் கூட்டுகிறார்கள். குன்னூர் ஏற்றத்தில் அந்தக் கணக்குக்குக் கட்டுப்பட்டால் வாசலைக்கூடத் தாண்ட முடியாது.

இதில் 'துடிப்பு அதிகம்' எச்சரிக்கை இருக்கிறது, ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கும்போது எகிறினால் மட்டுமே அடிக்கும். படி ஏறும்போது அடிக்க வேண்டுமென்றால் 'உடற்பயிற்சி' போட்டு, அதற்குள் 105 என்று வரம்பு வைக்க வேண்டும். அக்கா மகன்தான் வைத்துக் கொடுத்தான். ரோட்டிலிருந்து வீட்டுக்கு இறங்கும் படிகளில் திரும்பி ஏறும்போது, பாதியில் மணிக்கட்டு கிர்ரென்று அதிரும். கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்துவிடுவேன். "என்ன டீச்சர், இங்கயே உக்காந்துட்டீங்க?" என்பார் எதிர்வீட்டுக்காரர். 90-க்கு இறங்கியதும் எழுந்து போவேன். அப்போது வாட்ச் சொல்லும்: அருமை, பயிற்சி முடிந்தது!

குறைகள். டிசம்பர், ஜனவரிக் குளிரில் கை விறைத்தால், துடிப்பை அளக்க வாட்சின் அடியில் எரியும் பச்சை விளக்குக்குத் துடிப்பு பிடிபடாது. மூச்சு வாங்கும்போதும் 70 என்று கூசாமல் காட்டும். ஸ்வெட்டர் கைக்குள் தள்ளி, கொஞ்சம் மேலே இறுக்கிக் கட்டினால் பரவாயில்லை. பயிற்சி முறையிலேயே விட்டால் சார்ஜ் சாயங்காலம்வரை தாங்காது. சந்தையில் வரிசையில் நின்றதும் போனில் அரை மணி பேசியதும் இதன் கணக்கில் ஓய்வு. அதற்கான விலையை நாளைக்குக் கொடுப்பது நான்.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். வாங்குபவர்கள் 'எழுந்து நடங்கள்' நினைவூட்டலையும் தினம் பத்தாயிரம் அடி நடக்கும் இலக்கையும் முதலில் அணைத்துவிடுங்கள். ரிப்பேர் என்றால் சர்வீஸ் சென்டர் கோயம்புத்தூரில்தான். கூரியரில் வாங்கிக்கொள்வார்களா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். மலையிறங்கி ஏறும் அந்த ஒரு பஸ் பயணம் என்னை ஒரு வாரம் கட்டிலில் போட்டுவிடும்.