களியை மென்று தின்பவன்: ஸ்லீவ் ஆபரேஷனுக்குப் பிறகு நான்கு வருடச் சாப்பாடு

எடை குறைக்க இரைப்பையைச் சின்னதாக்குகிற ஆபரேஷன் முடிந்து ஐந்தாவது மாதம். குடியாத்தத்தில் அம்மா வீடு, ஞாயிற்றுக்கிழமை, கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும். எங்கள் பக்கம் களியை மெல்லுகிற வழக்கம் கிடையாது. உருண்டையில் குழி பறித்துக் குழம்பை ஊற்றி, ஒரு துண்டைக் கிள்ளிப் புரட்டி, அப்படியே விழுங்க வேண்டும். நாற்பது வருஷப் பழக்கம் கைக்கு மறக்குமா? முதல் துண்டு இறங்கிவிட்டது. இரண்டாவது நெஞ்சுக்குழியில் உட்கார்ந்துகொண்டது. வலி என்று சொல்ல முடியாது, யாரோ உள்ளேயிருந்து கட்டைவிரலால் அழுத்துகிற மாதிரி. வாயில் எச்சில் பொங்கியது. எழுந்து கொல்லைப்புறம் போய்த் துளசிமாடத்துக்குப் பக்கத்தில் கால்மணி நேரம் நின்றேன். வந்ததெல்லாம் வெள்ளை நுரை, சோப்புத் தண்ணீர் மாதிரி. கடைசியில் அந்தத் துண்டும் முழுசாக வந்து விழுந்தது.

அம்மா பின்னாலேயே வந்து நின்று, "இன்னாடா இது, கள்ளு குடிச்சவனாட்டம்" என்றாள்.

2021 ஆகஸ்டில், 39 வயதில், 128 கிலோவில் இருந்தபோது ஸ்லீவ் செய்துகொண்டேன். இரைப்பையில் முக்கால் பங்குக்கும் மேலே வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை வாழைப்பழம் போல ஒரு குழாயாக விட்டுவிடுவார்கள். பசியைத் தூண்டும் ஹார்மோன் பெரும்பாலும் சுரக்கிற மேல்பகுதியும் அதோடு போய்விடுகிறது. அதனால் முதல் வருஷம் பசி என்பதே மறந்து போயிற்று. பதினான்கு மாதத்தில் 84 கிலோ. அதைப் பற்றி எழுத ஆள் நிறைய இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது பிரெட், இட்லி, களி, சோறு சமாசாரம். ஆபரேஷனுக்குக் கிளம்புகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பதும் இதைத்தான்: "அண்ணே, அப்புறம் சோறே சாப்பிட முடியாதா?"

முடியும். ஆனால் எது எப்படி உள்ளே போகிறது என்ற கணக்கு மொத்தமாக மாறிவிடும்.

பிரெட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன், அதில்தான் அதிகம் ஏமாந்தேன். காய்ச்சல்காரனுக்குப் பிரெட் கொடுத்து வளர்ந்த ஊர் நம்முடையது, அது லேசான சாப்பாடு என்று மனசில் பதிந்திருக்கிறது. புது பிரெட்டை ஒரு வாய் மென்று கையில் துப்பிப் பாருங்கள் (நான் பார்த்தேன், மனைவி அன்றைக்கு என்னோடு பேசவில்லை). பிசைந்த மைதா உருண்டைதான் இருக்கும். அந்த உருண்டை குழாய் வயிற்றில் அடைப்பான் மாதிரி உட்காரும். அதே ஸ்லைஸைத் தோசைக்கல்லில் போட்டு, எண்ணெய் தொடாமல், இரண்டு பக்கமும் மொறுமொறுவென்று ஆகிறவரை வாட்டினால் கதை வேறு. கடித்தால் நொறுங்குகிறது, மென்றால் மாவாகாமல் துகளாகிறது, சிக்கலில்லாமல் இறங்குகிறது. ஆறாவது மாதம் அரை ஸ்லைஸில் ஆரம்பித்தேன். இன்றைக்கும் காலையில் ஒன்று, மேலே ஒரு முட்டைப் பொரியல். ஸ்லைஸில் புரதம் சுமார் 2 கிராம், முட்டையில் 6. எனக்கு நாளைக்கு 60 முதல் 80 கிராம் புரதம் என்று சொல்லியிருப்பதால் முட்டைதான் சாப்பாடு, பிரெட் அதற்குத் தட்டு.

பிரவுன் பிரெட் விஷயத்தில் ஒரு வயிற்றெரிச்சல். வீட்டுக்குப் பக்கத்து பேக்கரி ஒன்றில் ஏழெட்டு மாதம் 'கோதுமை பிரெட்' என்று கேட்டு வாங்கினேன். கவர் மேல் கோதுமைக் கதிர் படமெல்லாம் உண்டு. ஒருநாள் கண்ணாடி போட்டுக்கொண்டு பின்பக்கம் படித்தேன். முதல் பெயரே மைதா. கடைசி வரிசையில் கேரமல் நிறம், 150ஏ. சேர்க்கும் பொருள்களை எடை அதிகமானதிலிருந்து வரிசையாகப் போட வேண்டும் என்பது விதி, ஆகவே முதலில் இருப்பதுதான் உண்மையான பிரெட். கேட்டதற்குக் கடைக்காரர், "சார், கலர் பிரவுன்தானே" என்றார். மறுக்க முடியவில்லை.

சப்பாத்தி சூடாக, மெல்லிசாக இருந்தால் ஒன்று போகும். ஆறிப்போனது தோல் மாதிரி, எனக்கு இன்றுவரை ஒத்துவரவில்லை. ராணிப்பேட்டையில் தோல் பொருள் கம்பெனியில் வேலை பார்க்கிறவன் சொல்கிறேன், உவமை சரியானதுதான். சேமியா உப்புமா சுருண்டு நிற்கும். பரோட்டாவை விட்டுவிட்டேன். தோசை என்றால் மெல்லிசாக முறுகலாக. எல்லாவற்றையும் விட எனக்கு உகந்தது பெசரட்டு, பச்சைப்பயறு அரைத்துச் சுடுகிற தோசை. சித்தூர் பக்கத்திலிருப்பதால் நம் ஊர் வீடுகளுக்கும் அது புதுசில்லை. பச்சைப்பயறு 100 கிராமில் புரதம் சுமார் 24 கிராம், அரிசி அதில் கால்வாசிதான் வரும். சோற்றை ஒரு வருஷத்துக்குப் பிறகுதான் எடுத்தேன். தயிர் விட்டுக் குழைத்து நான்கைந்து ஸ்பூன், அவ்வளவே.

இதுவரை சொன்னதெல்லாம் 'எது நிற்கும், எது இறங்கும்' என்ற கணக்கு. இரண்டு வருஷம் அதிலேயே கெட்டிக்காரனாகிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது வருஷம் எடை 84-லிருந்து 91-க்கு ஏறியது. பிரெட் அதே ஒன்று, சோறு அதே ஐந்து ஸ்பூன். டயட்டீஷியன் மேடத்திடம் போய், சாப்பிட்டதை எழுதி வைத்த நோட்டைக் காட்டிப் பெருமையாக விளக்கினேன். முழுதும் கேட்டுவிட்டு, "எதெது நிற்கிறதுன்னு சொல்றீங்க சார். நிற்காம போறது எதுன்னு ஒரு வாரம் எழுதிட்டு வாங்க" என்றார்.

எழுதினேன். சாயங்காலம் ஐந்தரை மணி டீ. டீயில் நனைத்து இரண்டு பொறை, ரஸ்க் மாதிரி காய்ந்த ரொட்டி. (தெருநாய்க்கும் போடுவோம், நாமும் சாப்பிடுவோம், அதே பொறைதான்.) காய்ந்த பொறை டீயில் ஊறிக் கூழாகி, எங்கேயும் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போய்விடுகிறது. நிறைந்த உணர்வே இல்லாததால் மூன்றாவது, நான்காவது. அப்புறம் காராபூந்தி, முறுக்கு. வாயிலேயே கரைகிற சாமான். ஆபரேஷனுக்குப் பிறகு அரைத் தோசைக்கு மேல் இறங்காதவன், பேசிக்கொண்டே கால் கிலோ காராபூந்தியைக் காலி பண்ண முடிந்தது. சாப்பிடும்போதும் அதற்குப் பிறகு அரைமணி நேரமும் தண்ணீர் குடிக்காதே என்று ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார்கள். அதன் காரணம் அன்றைக்குத்தான் மண்டையில் ஏறியது. கெட்டியானது மெதுவாகத்தான் வயிற்றை விட்டு இறங்கும், கரைந்தது சீக்கிரம் ஓடிவிடும்.

களியும் கூழும் ஒரே கேழ்வரகுதான். ஆடி மாசம் மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிறபோது ஒரு சொம்பு முழுக்கக் குடித்தேன், தடங்கலே இல்லை. ஒரு மணி நேரத்தில் மறுபடி பசி. களியோ, நன்றாக மென்று சின்ன எலுமிச்சை அளவு தின்றால் நான்கு மணி நேரம் தாங்குகிறது. நெஞ்சில் நின்று என்னைக் கொல்லைக்கு ஓடவிட்டதே, அதுதான் எனக்கு வேண்டியவன். வழுக்கிக்கொண்டு போன கூழும் பொறையும்தான் ஏழு கிலோவை ஏற்றியவை. இதைப் புரிந்துகொள்ள எனக்கு மூன்று வருஷம் பிடித்தது.

சர்க்கரை தனி விஷயம். ஒரு தீபாவளிக்கு ஆற்காடு மக்கன் பேடா ஒன்று முழுசாகத் தின்றேன். மைதாவும் கோவாவும், உள்ளே முந்திரி பாதாம், ஊறியது பாகில். இருபது நிமிஷத்தில் வேர்த்துக் கொட்டி, நெஞ்சு படபடத்து, வயிற்றைப் புரட்டி, விருந்தாளிகள் நடுவில் போய்ப் படுத்துக்கொண்டேன். டம்பிங் என்பார்கள். இரைப்பை பைபாஸ் செய்தவர்களுக்குத்தான் அதிகம், ஸ்லீவ்காரர்களுக்கும் வரும். இப்போது கால் துண்டு, அதுவும் சாப்பாட்டுக்குப் பிறகு.

ஆம்பூர் பக்கத்துக் கல்யாணங்கள்தான் இன்னும் கஷ்டம். சீரக சம்பா பிரியாணி, தால்சா, எண்ணெய்க் கத்தரிக்காய் எல்லாம் ஒரே இலையில். கறித்துண்டை முதலில், நாரைப் பிய்த்து மென்று, கத்தரிக்காய் கொஞ்சம், இடமிருந்தால் மூன்று பிடி பிரியாணி. பிரச்சினை வயிற்றில் இல்லை, பந்தியில். "மாப்ள, எங்க வீட்டுக் கல்யாணத்துல இப்படி வச்சிட்டு எழுந்துக்கலாமா?" என்று மாமா கையைப் பிடித்து உட்காரவைப்பார். ஆபரேஷன் என்று விளக்கினால் அடுத்த பந்தி வரைக்கும் கேள்வி. இப்போதெல்லாம் "வயிறு சரியில்ல மாமா" என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். பொய்யும் இல்லை.

சத்து மாத்திரைகளை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். கேழ்வரகில் 100 கிராமுக்கு சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது என்று நானும் ஒரு சமயம் மாத்திரையை நிறுத்தினேன். நாம் தின்னுவது எலுமிச்சை அளவு, நூறு கிராம் எங்கே வரப்போகிறது? பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி எல்லாம் தொடர்கின்றன, வருஷத்துக்கொரு ரத்தப் பரிசோதனையும். உங்கள் அளவை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

இன்றைய நிலவரம் 87 கிலோ. பிரெட் பாக்கெட் ஃப்ரீசரில், ஒவ்வொன்றாக எடுத்துக் கல்லில் போடுவதற்கு. பொறை டப்பா வீட்டிலேயே இல்லை. டீ மட்டும், கூட ஒரு கைப்பிடி வேர்க்கடலை, பத்து நிமிஷம் மெல்ல வேண்டிய சாமான். குடியாத்தம் போனால் அம்மா பெரிய உருண்டைகளுக்குப் பக்கத்தில் எனக்கென்று ஒரு குட்டி உருண்டை பிடித்து வைக்கிறாள், அதற்கு 'பாப்பா களி' என்று பெயர். நான் மெல்ல ஆரம்பித்ததும் தலையைத் திருப்பிக்கொள்கிறாள். "களிய போயி மென்னு துன்றான் பாரு, யாராவது பாத்தா இன்னா நெனைப்பாங்க."