தெருக்கம்பத்துக் கருப்புப் பெட்டியும் மொட்டைமாடி ஆன்டெனாவும்: கம்பியில்லா வீட்டு இணையம் குறித்து

ஃபைபர் இணைப்புக்குப் ‘போர்ட் (புது இணைப்பு தருவதற்கான இடம்) காலியில்லை’ என்று பல மாதங்கள் கைவிரிக்கப்பட்ட பிறகு, 2023 முதல் நம் நகரங்களில் விற்கப்பட்டுவரும் 5ஜி கம்பியில்லா இணையத்தைச் சென்னைப் புறநகரான சேலையூரில் உள்ள எங்கள் வீட்டுக்கு வாங்கி, எட்டு மாதங்களாகப் பயன்படுத்திவருகிறேன். விற்க வந்த இளைஞர், எதிரே உள்ள ஈபி கம்பத்தில் தொங்கும் கருப்புப் பெட்டியைக் காட்டி, “சிக்னல் வாசலிலேயே இருக்கு சார்” என்றார். பொருத்த வந்தவரும் அலையை வாங்கும் மொட்டைமாடி யூனிட்டை அந்தப் பக்கமே திருப்பி வைத்துவிட்டுப் போனார். 100 எம்பிபிஎஸ் திட்டத்தில் மாலை வேளைகளில் 20ஐத் தாண்டுவதே அரிதாயிற்று.

அந்தப் பெட்டி அலைபரப்பும் கருவியே அன்று. ஃபைபர் இழைகளை ஒட்டிய இடங்களில் மழைநீர் புகாமல் காக்கும் வெறும் உறை அது. பக்கத்தில் வளையமாகச் சுருட்டிக் கட்டப்பட்டிருக்கும் உபரி கேபிளைக் கொண்டே அதை அடையாளம் காணலாம். அதற்கு மின்சாரம் தேவையில்லை என்பதால் மின்கம்பி எதுவும் அதற்குள் செல்வதில்லை. தடித்த கோஆக்சியல் கேபிள்கள் நுழையும் உலோகப் பெட்டி என்றால், அது பெரும்பாலும் கேபிள் டிவிக்காரரின் ஆம்ப்ளிஃபையராக (சிக்னலை வலுவாக்கும் கருவி) இருக்கும். கம்பத்தில் பொருத்தப்படும் உண்மையான 5ஜி ஸ்மால் செல்லுக்கோ (டவரின் வேலையைச் சிறிய அளவில் செய்யும் கருவி) மின்சாரமும் வேண்டும், ஆன்டெனாவும் வேண்டும். ஸ்மால் செல்களைத் தெருக்கம்பங்களில் பொருத்துவதற்கு, மத்திய அரசின் தொலைத்தொடர்பு வழியுரிமை விதிகளில் 2022இல் செய்யப்பட்ட திருத்தம் நகர்ப்புறத்தில் கம்பம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 300 ரூபாய் என்று கட்டணத்தைக் குறைத்தே வைத்தது. ஆனாலும் எங்கள் பகுதியில் நான் சுற்றிப் பார்த்தவரை ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

எங்களுக்கு அலை வருவது, நேர் எதிர்த்திசையில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் உச்சியில் நிற்கும் டவரிலிருந்துதான். அங்கே நெட்டுக்குத்தாக நிற்கும் செவ்வகப் பலகைகளே கைபேசிக்கும் நமக்கும் அலை தருபவை; முரசு போன்ற வட்டக் கருவிகள் டவருக்கும் டவருக்கும் இடையே மட்டும் பேசிக்கொள்பவை. 5ஜிக்குப் பெரிதும் பயன்படும் 3.3 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை சுவர்களைத் துளைப்பதில் வலுக்குறைந்தது; எங்கள் யூனிட்டுக்கும் டவருக்கும் இடையில் தண்ணீர்த் தொட்டி வேறு நின்றது. மூன்று முறை புகார் கொடுத்தும் ரௌட்டரை மாற்றினார்களே தவிர, மாடிக்கு ஒருவரும் ஏறவில்லை. நான்காம் முறை வந்த தொழில்நுட்பர் என் பேச்சைக் கேட்டு, யூனிட்டைத் தொட்டியின் மறுபுறம் மாற்றி டவரை நோக்கித் திருப்பினார். செயலியில் -108 டிபிஎம் (சிக்னல் வலிமையின் அளவு; பூஜ்ஜியத்தை நெருங்க நெருங்க வலிமை கூடும்) என்றிருந்த சிக்னல் -91க்கு ஏறியது, வேகமும் 90 எம்பிபிஎஸ்ஸைத் தொட்டது.

அதன்பின் திரைப்படம், காணொளி வகுப்பு, அலுவலக அழைப்பு எதற்கும் தடங்கல் இல்லை. மழை நாளிலும் பெரிய மாற்றம் தெரியவில்லை. வெளியிலிருந்து நம் வீட்டு இணைப்பை நேரடியாக எட்ட உதவும் தனி ஐபி முகவரி கிடைக்காததால், வீட்டு சிசிடிவியை வெளியூரிலிருந்து நேரடியாகப் பார்க்க முடியாதது மட்டும் பெருங்குறை. மின்வெட்டின்போது ரௌட்டரோடு மாடி யூனிட்டுக்கும் இன்வர்ட்டர் இணைப்பு வேண்டும் என்பதையும் முன்பே யாரும் சொல்வதில்லை. போர்ட் காலியானதும் ஃபைபருக்கு மாறிவிடுவேன்; அதுவரை இந்தச் சேவைக்குப் பணம் கட்டுவதில் எனக்கு வருத்தமில்லை.