ஆறு வருட ஸ்போர்ட்டிங் க்ளேஸும் ஒரு துண்டு செல்லோடேப்பும்

ஹூஸ்டனிலிருந்து ஒரு மணி நேரம் வண்டி ஓட்டினால் வரும் கிளப் ஒன்றில் ஆறு வருடமாக ஸ்போர்ட்டிங் க்ளேஸ் சுடுகிறேன். எந்திரம் எறியும் தட்டுகளை ஷாட்கன் துப்பாக்கியால் சுட்டு உடைக்கும் விளையாட்டு அது. மாதம் இரண்டு ஞாயிறு, ஒவ்வொரு முறையும் 100 தட்டு. இதுவரை போன தோட்டா பதினாலாயிரம் இருக்கும். வீட்டில் இந்தக் கணக்கைச் சொன்னதில்லை.

ஊரில் பேச்சு வந்தால், "புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் பாரிஸ் ஒலிம்பிக்கில் சுட்டாரே, அதுதானே?" என்கிறார்கள். அது ட்ராப். அதில் தட்டு எதிரே இருக்கும் குழியிலிருந்து கிளம்பி நம்மை விட்டு விலகிப் போகும். ஸ்போர்ட்டிங் க்ளேஸ் ஒலிம்பிக்கில் கிடையாது. மரங்களுக்கு நடுவே பத்துப் பன்னிரண்டு ஸ்டேஷன், அதாவது நின்று சுடும் இடங்கள். ஒவ்வொன்றிலும் தட்டு வரும் விதமே வேறு. ஒரு இடத்தில் தலைக்கு மேல் பறக்கும், இன்னொரு இடத்தில் செங்குத்தாக எழும்பும், வேறொரு இடத்தில் முயல் என்று பெயர் வைத்துத் தரையோடு உருட்டி விடுவார்கள். பெயரில் க்ளே இருந்தாலும் தட்டு களிமண் இல்லை, சுண்ணாம்புக்கல் தூளும் பிசினும் கலந்தது. வழக்கமான அளவு 108 மி.மீ. குறுக்களவு. நடுவே 90, 60 மி.மீ. தட்டுகளையும் கலந்து விடுவார்கள். சின்னது பக்கத்தில் வந்தாலும் தூரத்தில் வேகமாகப் போவது போலவே கண்ணுக்குத் தெரியும். அதில் ஏமாறாத ஆளே இல்லை.

ஆசைப்பட்டு இறங்கும் நம் ஆட்களுக்கு முதலில் ஒன்று. எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க அமெரிக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. கிளப்பில் வாடகைத் துப்பாக்கி கொடுக்கிறார்களே என்று கை நீட்டிவிடாதீர்கள், வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நான் கிரீன் கார்டு வந்த பிறகுதான் தொட்டேன்.

சரி, என் கதை. வாங்கியது 12 கேஜ் (குழல் துளையின் அளவு), மேலும் கீழுமாக இரட்டைக் குழல், 30 அங்குல நீளம். முதல் இரண்டு வருடம் நூற்றுக்கு நாற்பதைத் தாண்டவில்லை. துப்பாக்கி மேல் பழி போட்டேன். ரவை எவ்வளவு பரவும் என்பதைத் தீர்மானிக்கக் குழல் முனையில் திருகும் சோக் வகைவகையாக நான்கு வாங்கினேன். ரவை என்பது தோட்டாவுக்குள் இருக்கும் சின்னச் சின்ன உருண்டைகள். அதிலும் ஏழரை நம்பர், எட்டு நம்பர் என்று அளவை மாற்றிப் பார்த்தேன். ஒரு அவுன்ஸ் எட்டு நம்பரில் நானூறு ரவைக்கு மேல் இருக்கும். அதில் ஒன்று கூடவா படாது?

ஒரு நாள் எங்கள் குழுவில் வந்த பெரியவர் ஒருவர் என் ஸ்கோர் கார்டை வாங்கிப் பார்த்தார். உடைந்தால் கோடு, தப்பினால் சுழி. வலமிருந்து இடம் போகும் தட்டுகளுக்கு வரிசையாகக் கோடு. இடமிருந்து வலம் போனதற்கெல்லாம் சுழி. இரண்டு வருடமாக என் கையிலேயே இருந்த கார்டு, எனக்கு அது தோன்றவே இல்லை. இரண்டு கையையும் நீட்டி, விரல்களுக்கு நடுவே சின்ன ஓட்டை வைத்து அதன் வழியாகத் தன் மூக்கைப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். "நீ இடது கண்ணால் பார்க்கிறாய்" என்றார்.

ஷாட்கன்னில், ரைஃபிள் போலக் கண்ணுக்கு அருகே வைத்துக் குறி பார்க்கும் பின்குறி கிடையாது. துப்பாக்கியின் பின்கட்டையில் கன்னத்தை வைத்தால் அதற்கு மேலே இருக்கும் கண்தான் பின்குறி. நான் வலது தோளில் வைத்துச் சுடுகிறேன். மூளையோ இடது கண்ணை நம்புகிறது. விளைவு, குழல் எப்போதும் இடப்பக்கம் விலகி நிற்கும். முப்பது கெஜ தூரத்தில் அந்த விலகல் ஒரு கெஜத்துக்கும் மேல். வலமிருந்து இடம் போகும் தட்டுக்கு முன்னால் சுட வேண்டும் என்பதால் அங்கே அது தற்செயலாக உதவியது. மறுபக்கம் போகும் தட்டுக்கெல்லாம் பின்னாலேயே சுட்டிருக்கிறேன்.

மருந்து என்ன தெரியுமா? கண்ணாடியின் இடது வில்லையில், குழல் முனை தெரியும் இடத்தில், காசு அளவு செல்லோடேப். இடது கண்ணுக்கு முனை மங்கினால் வலது கண் குறி பார்க்கும். வீட்டில் ஒட்டிக்கொண்டிருந்தபோது மனைவி பார்த்துவிட்டு, "ஏங்க, கண் டாக்டர்கிட்ட போகாம செல்லோடேப்பா?" என்றாள். மூன்று மாதத்தில் 55 வந்தது. இப்போது நல்ல நாளில் 70 தாண்டும். அப்புறம் அந்த நான்கு சோக்கில் இரண்டை விற்றுவிட்டேன். மீதி இரண்டு சோக், இம்ப்ரூவ்ட் சிலிண்டரும் மாடிஃபைடும், போட்டது போட்டபடி இருக்கிறது, கழற்றி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது.

செலவு? தட்டும் நான்கு பெட்டித் தோட்டாவும் சேர்த்தால் ஒரு நாளைக்கு நூறு டாலரைத் தாண்டுகிறது. தோள் பழகிவிட்டது. காது பழகாது. ஒவ்வொரு வெடியும் 140 டெசிபெல்லுக்கு மேல். நுரைச் சொருகியும் அதன் மேல் காது மூடியும் இல்லாமல் நிற்கவே கூடாது. ஆகஸ்டில் கண்ணாடியில் ஆவி படியும், குழல் கையைச் சுடும். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் சாப்பிடாதீர்கள், எல்லாம் ஈயம்.

போட்டிக்குப் போகத் தயங்க வேண்டாம். அமெரிக்காவின் தேசிய ஸ்போர்ட்டிங் க்ளேஸ் சங்கமான என்எஸ்சிஏ அமைப்பில், அடிமட்ட ஈ வகுப்பு முதல் உச்சியில் இருக்கும் மாஸ்டர் வரை ஆட்களைத் தரம் பிரித்திருக்கிறார்கள். அவர்களின் தேசியப் போட்டி சான் அன்டோனியோவில் நடக்கும்போது எல்லா வகுப்பு ஆட்களும் வருகிறார்கள். நான் ஈ வகுப்பில் தொடங்கி சி வகுப்புக்கு வந்திருக்கிறேன். நமக்கு முன்னால் ஒரு மாஸ்டர் நின்று எல்லாவற்றையும் தூளாக்கிவிட்டுப் போவார். அவருக்கு விட்ட அதே தட்டுதான் நமக்கும்.

முயல் மட்டும் இன்னும் வசப்படவில்லை. போன ஞாயிறு கூட ஆறில் ஒன்றுதான். குறி சரியாக இருக்கிறது என்று விசையை அழுத்தும் நேரத்தில் புல் மேட்டில் இடித்து ஓரடி துள்ளுகிறது. ரவை அடியில் போய் மண்ணைக் கிளப்புகிறது, தட்டு உருண்டுகொண்டே புதருக்குள் போய்விடுகிறது.