ஹெட்போனில் இரைச்சலா? யூஎஸ்பி சவுண்ட் கார்டா, கிரவுண்ட் லூப் ஐசொலேட்டரா?

பாளையங்கோட்டைப் பக்கம் நண்பர்கள் பலர் இதைத்தான் கேட்கிறார்கள். சவுண்ட் கார்டு என்பது யூஎஸ்பி துளையில் செருகி, அதில் ஹெட்போனை மாட்டும் சின்னக் கருவி. ஐசொலேட்டர் என்பது ஆடியோ வயருக்கு நடுவே மாட்டி, இணைத்த இரண்டு கருவிகளின் எர்த் வழியாக வரும் இரைச்சலைத் தடுப்பது. காசு போடுவதற்கு முன்னால் ஹெட்போனைக் கம்ப்யூட்டர் கேபினட்டின் பின்பக்கப் பச்சைத் துளையில் செருகிப் பாருங்கள். முன்பக்கத்துக்கு வரும் மெல்லிய வயர் உள்ளே இருக்கும் மின் இரைச்சலை எல்லாம் வாங்கிக்கொண்டு வருவதால், பலருக்கு இதிலேயே தீர்ந்துவிடும்.

தீரவில்லையா, சரி.

விலை: இரண்டுமே சில நூறு ரூபாயிலிருந்து கிடைக்கும்.

சத்தம்: மவுஸை நகர்த்தும்போதும் கேம் ஓடும்போதும் மாறுகிற 'கிர்ர்' என்றால் சவுண்ட் கார்டுதான், ஏனென்றால் ஒலியாக மாற்றும் வேலையே கேபினட்டுக்கு வெளியே வந்துவிடுகிறது. கம்ப்யூட்டரை ஆம்ப்ளிஃபயரோடு இணைத்ததும் 50 ஹெர்ட்ஸில் சீராக 'ம்ம்ம்' என்று வந்தால் ஐசொலேட்டர். வெறும் ஹெட்போனுக்கு அது வீண் செலவு.

தரம்: மலிவான ஐசொலேட்டரில் இருக்கும் சின்ன டிரான்ஸ்ஃபார்மர் பேஸை, அதாவது கனமான கீழ் ஒலியை, குறைத்துவிடும்.

ஆக, ஹெட்போன் மட்டும் என்றால் சவுண்ட் கார்டு, பெரிய ஸ்பீக்கர் செட் என்றால் ஐசொலேட்டர். கேபினட்டைத் தொட்டால் சுள்ளென்று அடிக்கிறதா? இரண்டையும் விடுங்கள், முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பாருங்கள். நம்மூர் வெயிலில் எர்த் குழி காய்ந்துபோகும். இரைச்சலுக்காக எர்த் பின்னை மட்டும் கழற்றிவிடாதீர்கள், உயிருக்கே ஆபத்து.