சமூகப்பணிப் பட்டம்: முதலிலேயே படிப்பதா, வேறொன்று படித்துவிட்டு வருவதா?

ஒரே வாரத்தில் இரண்டு பேர் என்னிடம் ஏறத்தாழ ஒரே கேள்வியோடு வந்தார்கள். ஒருவர் பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்த பெண். இன்னொருவர் வணிகவியல் பட்டம் பெற்று, மூன்று ஆண்டுகள் அலுவலகத்தில் கணக்கெழுதி, அலுத்துப்போனவர். சமூகப்பணி படிக்க வேண்டும், எந்த வழியாகப் போவது என்பதே இருவர் கேள்வியும். அந்தப் பெண்ணின் அப்பாவுக்கு இன்னொரு கேள்வியும் இருந்தது: "சேவை செய்ய எதற்குப் பட்டம்?"

அவர் கேட்டது நியாயம். சேவைக்குப் பட்டம் தேவையில்லை. பசித்தவருக்குச் சோறு போட யாரும் நான்கு பருவத் தேர்வு எழுத வேண்டியதில்லை. ஆனால் பணி என்று வந்துவிட்டால் செய்ததை எழுதி வைக்க வேண்டும், ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்பவருக்குப் பதில் சொல்ல வேண்டும், தவறினால் பொறுப்பேற்க வேண்டும். இந்த வேறுபாடு 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே உணரப்பட்டுவிட்டது. 1898இல் நியூயார்க்கில் அறப்பணி அமைப்பு ஒன்று ஆறு வாரக் கோடைகாலப் பயிற்சி நடத்தியது. அடுத்த ஆண்டே ஆம்ஸ்டர்டாமில் இரண்டாண்டுப் படிப்பு தொடங்கியது. 1915இல் ஆபிரகாம் பிளெக்ஸ்னர் என்ற கல்வியாளர் இதெல்லாம் ஒரு தொழிலே அல்ல, இதற்கென்று தனி நுட்பம் ஏதும் இல்லை, பிற துறையினரிடம் ஆளை அனுப்பிவைக்கும் இடைவேலைதான் என்ற பொருளில் பேசிவிட்டுப் போனார். இரண்டே ஆண்டுகளில் சமூகப்பணியின் முன்னோடிகளில் ஒருவரான மேரி ரிச்மண்ட் 'சோஷியல் டயக்னோசிஸ்' என்ற தடித்த நூலை வெளியிட்டார். ஒரு குடும்பத்தின் நிலையை எப்படி விசாரிப்பது, யார் சொன்னதை எந்த அளவுக்கு நம்புவது, எப்போது ஒரு முடிவுக்கு வருவது என்று முறைப்படுத்திய நூல் அது.

பிளெக்ஸ்னரின் கேள்வியை நான் இன்னும் கைவிடவில்லை. பட்டங்களை ஒப்பிட அதுவே நல்ல அளவுகோல் என்று நினைக்கிறேன். இந்தப் படிப்பில் மட்டுமே கிடைப்பது என்ன? பாடப்புத்தகத்தில் பாதி சமூகவியலிலிருந்தும் உளவியலிலிருந்தும் வந்தது. மீதியில் சட்டமும் நிர்வாகமும் உண்டு. இரவல் வாங்காமல் இதற்கே உரியதாக எஞ்சுவது களப்பணி. அதிலும் அந்தக் களப்பணிக்குப் பின்னால் உட்கார்ந்து கேள்வி கேட்கும் மேற்பார்வையாளர்.

நான் முதுநிலை முதல் பருவத்தில் எழுதிய அறிக்கை ஒன்றில், "அம்மா ஒத்துழைக்கவில்லை" என்றொரு வரி இருந்தது. மேற்பார்வையாளர் அதைச் சுழித்து ஓரத்தில் எழுதியிருந்தார்: "எதற்கு ஒத்துழைக்கவில்லை? அவருடைய திட்டத்துக்கா, உன்னுடைய திட்டத்துக்கா?" அந்த அம்மாவிடம் அவருடைய திட்டம் என்னவென்று நான் கேட்கவே இல்லை. எந்த விரிவுரையும் எனக்கு அவ்வளவு கற்றுத்தரவில்லை. ஆகவே இனி நான் சொல்லும் ஒப்பீட்டில் ஒருபக்கச் சாய்வு உண்டு, தெரிந்தே படியுங்கள்.

பதினெட்டு வயதில் தொடங்குவது

இளநிலையிலேயே சமூகப்பணியை எடுப்பவருக்குக் கிடைக்கும் பெரிய லாபம் காலம். முதலாண்டில் முதியோர் இல்லத்துக்கும் சிறார் காப்பகத்துக்கும் சென்று பார்ப்பது, அடுத்த ஆண்டு ஒரு குழுவை நடத்திப் பார்ப்பது, பிறகு தனிநபர் பணி என்று படிப்படியாகக் கால் நனைக்கலாம். கேட்பது, கவனிப்பது, அன்றன்றே எழுதுவது ஆகியவை பழக்கமாகிவிடுகின்றன. இது தனக்கு ஒத்துவராத வேலை என்று சிலர் இரண்டாம் பருவத்திலேயே தெரிந்துகொண்டு விலகுவதும் உண்டு. அதை நான் தோல்வியாக எண்ணுவதில்லை. முப்பது வயதில் தெரிந்துகொள்வதைவிட அது எவ்வளவோ மேல்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. கணவன் குடிப்பதால் வீட்டை விட்டு வெளியேறலாமா என்று தவிக்கும் நாற்பது வயதுப் பெண்ணின் முன் பத்தொன்பது வயது மாணவரை உட்காரவைத்தால் இருவருக்குமே சங்கடம். "உனக்கு என்னம்மா தெரியும்?" என்று அந்தப் பெண் கேட்டால், உண்மையில் பதில் இல்லை. நல்ல துறைகள் இதை அறிந்து, இளநிலை மாணவருக்குக் குழந்தைகளோடும் இளையோரோடும் தொடங்கும் களங்களைத் தருகின்றன. எல்லாத் துறைகளும் அப்படியல்ல.

இளநிலைக்கு மேல் முதுநிலையும் படிப்பதானால், முதலாண்டுப் பாடத்தில் பெரும்பகுதி கேட்டதையே திரும்பக் கேட்பதாக இருக்கும். அமெரிக்காவில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அங்கீகாரம் பெற்ற இளநிலை முடித்தவருக்குப் பல பல்கலைக்கழகங்கள் முதுநிலையின் ஒரு பகுதியை விலக்கித் தருகின்றன. இரண்டாண்டுப் படிப்பை ஓராண்டளவில் முடிக்கலாம். இந்தச் சலுகை இல்லாத இடங்களில் இளநிலையிலிருந்து வந்தவர்கள் முதலாண்டில் கொட்டாவி விடுவதைப் பார்த்திருக்கிறேன். எல்லாம் தெரியும் என்ற அந்த மிதப்பு களத்தில் ஆபத்தானது.

வேறு பட்டத்தோடு வருவது

பொருளியல், செவிலியம், சட்டம், கணக்கு என்று வேறொன்றைப் படித்துவிட்டு முதுநிலையில் நுழைபவர் கையோடு ஒரு கருவியைக் கொண்டுவருகிறார். தொண்டு நிறுவனங்களின் உள்ளே சென்றவர்களுக்கு இதன் அருமை தெரியும். வரவுசெலவு அறிக்கையைப் படிக்கத் தெரிந்த ஒரு சமூகப்பணியாளருக்கு அங்கே தனி மரியாதை. வணிகவியல் நண்பரிடம் நான் முதலில் சொன்னதும் இதையே: உங்கள் மூன்றாண்டுகள் வீணாகவில்லை.

ஆனால் அந்த மூன்றாண்டுகள் மதிப்பெண்ணாக மாறும் என்று எதிர்பார்க்கக் கூடாது. அமெரிக்க அங்கீகார விதிகள், வாழ்க்கை அனுபவத்துக்காகவோ முந்தைய வேலைக்காகவோ பாட மதிப்பு தரக் கூடாதென்று வெளிப்படையாகவே சொல்கின்றன. கேட்கும்போது கடுமையாகத் தோன்றும். மேற்பார்வை செய்யும் இடத்துக்கு வந்த பிறகு எனக்கு அதன் காரணம் புரிந்தது. அலுவலகத்தில் தேறியவர்களுக்குப் பிரச்சினையைக் கண்டதும் தீர்த்துவிடக் கை பரபரக்கும். எதிரில் இருப்பவர் பேசி முடிக்கும்வரை பொறுப்பதே அவர்களுக்குப் பெரிய பயிற்சி. கற்றதை மறப்பதற்கும் நேரம் வேண்டும். முதுநிலையின் இரண்டாண்டுகளில் அந்த நேரம் மிகக் குறைவு. முதல் சில வாரங்களிலேயே களத்துக்கு அனுப்பிவிடுவார்கள்.

எது உயர்ந்தது என்று கேட்பதற்கு முன், எந்த நாட்டில் என்று கேட்க வேண்டும். இங்கிலாந்தில் 'சோஷியல் ஒர்க்கர்' என்ற பெயரே சட்டப் பாதுகாப்புக்கு உட்பட்டது. பதிவு செய்துகொள்ளாதவர் அந்தப் பெயரில் வேலை பார்க்க முடியாது. அங்கே ஒப்புதல் பெற்ற இளநிலை படித்தவரும் முதுநிலை படித்தவரும் ஒரே பதிவேட்டில்தான் சேர்கிறார்கள். அதாவது முதுநிலை என்பது வேறு பட்டத்தோடு வந்தவருக்கான குறுக்குவழி. அமெரிக்காவிலோ அது மேல்படி. மனநல ஆலோசனையைத் தனித்து நடத்தும் உரிமம் வேண்டுமென்றால் முதுநிலை கட்டாயம். பட்டத்துக்குப் பிறகும் மேற்பார்வையின் கீழ் பணியாற்றிய காலத்தைக் காட்ட வேண்டும். ஒரே பட்டம் ஓரிடத்தில் ஏணியாகவும் இன்னோரிடத்தில் பக்கவாட்டுக் கதவாகவும் இருப்பதால், பொதுவாக "எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுநிலை) படித்தால் நல்லது" என்று சொல்பவரின் பேச்சைப் பாதிக்கு மேல் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பக்கத்து வீட்டுப் பட்டங்கள்

சமூகவியலும் உளவியலும் பலருக்கு இதே படிப்பின் வேறு பெயர்களாகத் தோன்றுகின்றன. பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்ட ஒரு சிறுவனை எடுத்துக்கொள்வோம். இந்த வட்டாரத்தில், இந்த வருமானப் பிரிவில், ஏன் சிறுவர்கள் படிப்பை நிறுத்துகிறார்கள் என்று சமூகவியலாளர் கேட்பார். அவருக்கு அந்தச் சிறுவன் பலரில் ஒருவன். அவனுக்கு உள்ளே என்ன பயம் என்று உளவியலாளர் பார்ப்பார். சமூகப்பணியாளர் இந்த இரண்டையும் கொஞ்சம் தெரிந்துகொண்டு அவன் வீட்டுக்குப் போவார். பல வேளைகளில் விஷயம் ஒரு சான்றிதழின் பெயர்ப்பிழையில் முடியும். அதைத் திருத்த நான்கு முறை அலைந்து கையெழுத்து வாங்குவதும் தொழிலின் பகுதிதான். இதில் பெருமை எங்கே என்று கேட்கிறவர்கள் தயவுசெய்து சமூகவியல் படிக்கட்டும். நல்ல படிப்பு அது.

உளவியல் பக்கம் சாய்பவர்களுக்கு ஒரு கணக்கு. இளநிலை உளவியல் மட்டும் வைத்துக்கொண்டு யாருக்கும் சிகிச்சை தர முடியாது. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் மருத்துவ உளவியலாளராக முனைவர் மட்டம்வரை போக வேண்டும். மனிதர்களோடு அமர்ந்து பேசும் வேலைதான் நோக்கம் என்றால் சமூகப்பணி முதுநிலை அங்கே குறுகிய பாதை. மூளை, நினைவு, சோதனைக்கூடம் ஆகியவற்றின் மேல் ஆசை என்றால் குறுகிய பாதையைத் தேட வேண்டாம், உளவியலுக்கே போங்கள்.

தொலைநிலைப் படிப்பைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. கோட்பாட்டை வீட்டிலிருந்து படிக்கலாம். களத்தை யார் ஏற்பாடு செய்கிறார்கள் என்பது மட்டுமே கேள்வி. "நீங்களே ஒரு நிறுவனத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று பதில் வந்தால் அந்த விண்ணப்பத்தை மூடி வைத்துவிடலாம்.

எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது

மணிக்கணக்கு ஒரு தொடக்கம். அமெரிக்க அங்கீகாரக் குழு இளநிலைக்குக் குறைந்தது 400 மணிநேரக் களப்பணியும் முதுநிலைக்கு 900 மணிநேரமும் கேட்கிறது. இங்கிலாந்தில் திறன் பயிற்சி நாட்களையும் சேர்த்து 200 நாட்கள். உங்கள் பட்டியலில் இருக்கும் பல்கலைக்கழகம் இவற்றுக்கு மிகவும் கீழே இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

மணிக்கணக்கை மட்டும் நம்பவும் முடியாது. என் வகுப்புத் தோழி ஒருத்தியை ஒரு நிறுவனத்தில் மூன்று வாரம் பழைய பதிவேடுகளை நகலெடுக்க வைத்தார்கள். ஏட்டில் அத்தனையும் களப்பணி மணிகள்தான். அந்த மூன்று வாரத்தில் அவள் ஒரு மனிதரோடும் பேசவில்லை. ஆகவே ஒரு மேற்பார்வையாளருக்கு எத்தனை மாணவர்கள், அவர் சமூகப்பணி படித்தவரா, வாரம் ஒருமுறையாவது தனியாக உட்கார்ந்து பேசுகிறாரா என்று விசாரியுங்கள். அமெரிக்க விதிகள் இளநிலையில் 25 மாணவருக்கு ஓர் ஆசிரியர், முதுநிலையில் 12 மாணவருக்கு ஒருவர் என்ற விகிதத்தை எதிர்பார்க்கின்றன. அந்த வித்தியாசமே முதுநிலையில் எதற்கு எடை கூடுகிறது என்பதைச் சொல்லிவிடும்.

பணத்தையும் மறைக்காமல் பேச வேண்டும். களப்பணிக்குப் பெரும்பாலும் ஊதியம் கிடையாது. களத்துக்குப் போகும் நாட்களில் பகுதிநேர வேலையும் பார்க்க முடியாது. வணிகவியல் நண்பர் இதைக் கேட்டதும்தான் முகம் மாறினார். ஓராண்டு சேமித்துவிட்டு வாருங்கள், தள்ளிப்போனால் குற்றமில்லை, ஆனால் முதுநிலைக்கே வாருங்கள், மறுபடி இளநிலையிலிருந்து தொடங்க வேண்டாம் என்றேன்.

அந்தப் பெண்ணுக்கு இவ்வளவு உறுதியாக எதையும் சொல்ல எனக்கு வரவில்லை. தயக்கம் இருந்தால் முதலில் வேறொரு பட்டம், தயக்கம் இல்லை என்றால் இளநிலை. எதற்கும் சேரும் முன் மூத்த மாணவர்களைப் பார்த்து, திருத்தப்பட்ட களப்பணி அறிக்கை ஒன்றைக் காட்டச் சொல் என்று அனுப்பிவைத்தேன். இரண்டு கல்லூரிகளுக்குப் போய்வந்தாள். முதல் கல்லூரியில் ஒருவர் தடித்த கோப்பை அப்படியே கையில் கொடுத்துவிட்டாராம். பக்கங்களில் திருத்தமே இல்லை. கடைசியில் ஒரு கையொப்பம். இரண்டாவது கல்லூரி மாணவி கோப்பைத் தர மறுத்துவிட்டாள். "இதில் இருப்பவர்கள் என்னிடம் சொன்னது, உன்னிடம் சொன்னதில்லை" என்றாளாம். ஆனால் ஓரங்களில் மேற்பார்வையாளர் எழுதிய கேள்விகளை மட்டும் ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டியிருக்கிறாள். அதற்கே அரைமணி ஆனதாம்.

அந்த இரண்டாவது கல்லூரியில்தான் அவள் இப்போது முதலாண்டு.