இரவு மாத்திரையும் ஒரு தம்ளர் பாலும்: பிசகோடில், நிலாவாரை பற்றிய பயன்பாட்டு மதிப்பீடு

மலச்சிக்கல் என்று மருந்துக் கடையில் போய் நின்றால், சீட்டு எதுவும் கேட்காமல் எடுத்துத் தருவது பெரும்பாலும் 5 மி.கி. பிசகோடில் மாத்திரையாகத்தான் இருக்கிறது. மிளகைவிடச் சற்றே பெரிதான, வழவழப்பான, மஞ்சள் நிற மாத்திரை அது. ஓர் அட்டையின் விலை ஏறத்தாழ ஒரு தேநீரின் விலை. கடந்த ஓராண்டில் எங்கள் வீட்டில் இதையும், சென்னோசைடு மாத்திரையையும், நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் நிலாவாரைச் சூரணத்தையும் வெவ்வேறு சமயங்களில் பயன்படுத்தியிருக்கிறோம். பெரும்பாலும் உட்கொண்டவர் 74 வயதான என் தந்தை. ஓரிரு முறை நானும். எந்த நிறுவனத்தின் தயாரிப்பு என்பது இங்கே முக்கியமில்லை, ஏனெனில் உள்ளிருக்கும் மருந்து ஒன்றுதான்.

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். நான்கு மாத்திரை கேட்டால் கடைக்காரர் கத்தரியால் அட்டையை வெட்டி நான்கைக் கொடுப்பார். காலாவதி தேதி வெட்டுப்படாத பாதியோடு கடையிலேயே தங்கிவிடும்; பயன்பாட்டுத் தாள் எப்போதும் பெட்டிக்குள்தான் கிடக்கும். ஆகவே, இந்த மாத்திரையைப் பற்றி அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி வாங்குபவரின் கைக்கு வந்து சேர்வதே இல்லை. அந்தச் செய்தி பாலைப் பற்றியது.

நம் வீடுகளில் இரவு மாத்திரை என்றால் கூடவே ஒரு தம்ளர் சூடான பாலும் வந்துவிடும். என் தந்தையும் முதல் நாள் அப்படித்தான் விழுங்கினார். இரண்டு மணி நேரத்துக்குள் வயிற்றைப் பிசைந்து, குமட்டி, இரவு முழுவதும் உறக்கமில்லாமல் போயிற்று. அந்த வழவழப்பான பூச்சு அழகுக்காகப் போடப்பட்டதன்று. இரைப்பையின் அமிலத்தில் கரையாமல் குடல் வரை மருந்தைக் கொண்டு சேர்ப்பதற்காகவே அது இருக்கிறது. பாலோ, நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் அமில முறிவு மருந்தோ இரைப்பையின் அமிலத்தன்மையைக் குறைத்துவிட்டால், பூச்சு முன்னதாகவே கரைந்து, மருந்து இரைப்பையிலேயே எரிச்சலை உண்டாக்கும். இவற்றுக்கும் மாத்திரைக்கும் இடையே குறைந்தது ஒரு மணி நேர இடைவெளி வேண்டும். விழுங்கக் கடினமாயிருக்கிறது என்று பொடித்தோ மென்றோ உட்கொள்ளக் கூடாது என்பதற்கும் காரணம் இதுவே. அடுத்த முறை வெறும் தண்ணீரில் விழுங்கினார்; காலை ஆறரை மணிக்கு எந்தச் சிரமமும் இல்லாமல் வேலை முடிந்தது.

நேரக் கணக்கும் முக்கியம். வாய்வழி உட்கொண்டால் பலன் தெரிய 6 முதல் 12 மணி நேரம் ஆகும். இதைப் பொருட்படுத்தாமல் நான் ஒரு நாள் நள்ளிரவு தாண்டி விழுங்கிவிட்டு, காலை எட்டு மணிக்குத் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினேன். கிண்டி வருவதற்குள் நான் பட்ட பாட்டை விவரிக்காமல் விடுவதே நாகரிகம். இரவு ஒன்பது, பத்து மணிக்கு, மறுநாள் காலை வீட்டில் இருக்கும் நாளாகப் பார்த்து எடுத்துக்கொள்வது நலம். இதே மருந்து ஆசனவாயில் வைக்கும் வடிவத்திலும் கிடைக்கிறது. அது கால் மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் வேலை செய்துவிடும்.

சென்னோசைடு மாத்திரையின் வேலையும் ஏறக்குறைய இதுவே. அது நிலாவாரை இலையிலிருந்து எடுக்கப்படுவது. பெருங்குடலில் வாழும் பாக்டீரியாக்கள் அதை உடைத்த பிறகுதான் செயல்படத் தொடங்கும். உலக மருந்து நூல்களில் ‘டின்னவெலி சென்னா’ என்று நெல்லையின் பெயரோடு வழங்குவது இந்தச் செடிதான். தென் மாவட்டங்களின் வானம் பார்த்த நிலங்களில் விளைவதால் நமக்கு இது அந்நியமன்று. நாட்டு மருந்துக் கடையில் பொடியாகவே வாங்கலாம். ஆனால் பொடியைப் பற்றி என் மதிப்பீடு தயக்கமானது. மாத்திரையில் இத்தனை மில்லிகிராம் என்று அளவு அச்சிட்டிருக்கிறது. தேக்கரண்டியில் அள்ளும் பொடியில் அந்தக் கணக்கு இல்லை. ஒரு பொட்டலம் ஒன்றுமே செய்யவில்லை, அடுத்த பொட்டலம் மூன்று முறை ஓட வைத்தது. ‘மூலிகைதானே, தினமும் சாப்பிடலாம்’ என்ற எண்ணத்துக்கும் ஆதாரமில்லை. இலையாக இருந்தாலும் மாத்திரையாக இருந்தாலும் இது குடலைத் தூண்டிவிடும் மருந்துதான். சிறுநீர் சற்றுப் பழுப்பாகவோ சிவப்பாகவோ போனால் பதற வேண்டியதில்லை, அது நிலாவாரையின் நிறம்.

இந்த வகை மருந்துகளில் பலரும் தவறுவது மறுநாளில்தான். மாத்திரை பெருங்குடலை நன்றாகக் காலி செய்துவிட்டால், அது மீண்டும் நிறைய ஓரிரு நாட்கள் ஆகும். அந்த இடைவெளியில் மலம் வராதது இயல்பு. அதை மறுபடியும் மலச்சிக்கல் என்று எண்ணி இன்னொரு மாத்திரை, அதற்கடுத்த நாள் இரண்டு என்று போய், ‘மாத்திரை இல்லாமல் எனக்குப் போகாது’ என்ற இடத்துக்கு வந்து நிற்கிறார்கள். என் தந்தையும் அந்தப் பாதையில் நான்கு நாட்கள் நடந்தவர்தான். வாரத்துக்கு மூன்று முறை, இறுகாமல் போனாலே அது இயல்புக்குள் அடங்கும் என்று மருத்துவர் சொன்னபோது, தினமும் காலையில் போயே ஆக வேண்டும் என்று வாழ்நாள் முழுவதும் நம்பியிருந்த அவர் அதை ஏற்றுக்கொள்ளவே இல்லை.

உரிய அளவில் சில நாட்கள் எடுத்துக்கொண்டால் குடல் செயலிழந்துவிடும் என்ற பழைய அச்சத்துக்கு வலுவான சான்று இல்லை. அமெரிக்க இரைப்பை–குடல் மருத்துவச் சங்கங்கள் 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதல் பிசகோடிலைக் குறுகிய காலத்துக்கும் அவ்வப்போதைய தேவைக்கும் பரிந்துரைக்கவே செய்கிறது. ஒரு மாத்திரையில் தொடங்கி, போதாவிட்டால் மட்டும் இரண்டுக்குப் போகலாம். கடையில் வாங்கி நாமாக உட்கொள்வது ஒரு வாரத்தைத் தாண்டக் கூடாது. அளவு மீறி நீண்ட நாள் எடுத்தால் நீரும் பொட்டாசியமும் இழக்கப்படும். நீர் பிரியும் மாத்திரையோ இதயத்துக்கு டைகாக்சினோ எடுப்பவர்களுக்கு அது ஆபத்தில் முடியலாம். உடல் இளைக்க இதை விழுங்கும் இளம்பெண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும்: உணவின் சத்து சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்ட பிறகுதான் இந்த மருந்து பெருங்குடலில் வேலையைத் தொடங்குகிறது, ஆகவே எடைத் தராசில் குறைவது வெறும் தண்ணீர். பிரிட்டனில் 2020இல் பொதுக் கடைகளில் விற்கும் பொட்டலத்தை 20 மாத்திரைகளாகச் சுருக்கி, 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் என்று வரையறுத்ததற்கு இத்தகைய தவறான பயன்பாடும் ஒரு காரணம்.

கடும் வயிற்று வலி, வாந்தி, வாயுகூடப் பிரியாமல் வயிறு உப்புதல் ஆகியவை இருந்தால் இதைத் தொடவே கூடாது. குடலடைப்பாகவோ குடல்வாலழற்சியாகவோ இருக்கலாம். மலத்தில் இரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு, வயதான பின் திடீரென மாறிய மலப்பழக்கம் ஆகியவற்றுக்கும் மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும். கர்ப்பிணிகளும் கேட்டுவிட்டே எடுக்க வேண்டும். பன்னிரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கு நாமாகக் கொடுக்கக் கூடாது.

எனவே பிசகோடிலுக்கு ஐந்துக்கு நான்கு தருவேன். சென்னோசைடு மாத்திரைக்கும் அவ்வாறே. பொடிக்கு இரண்டுக்கு மேல் மனம் வரவில்லை. தந்தையின் கதை வேறு விதமாக முடிந்தது. மருத்துவர் அவருடைய மாத்திரைப் பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்து, இரும்புச் சத்து மாத்திரையும் கால்சியமும்தான் மலத்தை இறுக்குகின்றன என்று கண்டுபிடித்து, ஒன்றை நிறுத்தி, மற்றதன் அளவை மாற்றி, இரவில் தண்ணீரோடு இசப்கோல் உமி எடுக்கச் சொன்னார். மஞ்சள் மாத்திரைகளில் இரண்டு அலமாரியில் மிஞ்சிக் கிடந்தன; காலாவதி தேதி அச்சிட்ட பாதி கடையில் தங்கிவிட்டதால் அவற்றைத் தூக்கிப் போட வேண்டியதாகிவிட்டது. இப்போது முழு அட்டையாகத்தான் வாங்குகிறேன்.